நம்பர் நாற்பத்திரண்டு போட்ட சபதம்

"அவன் இடது சீட்டுல உட்கார்ந்திருக்கிற பிளேன்ல என் ஷூகூட ஏறாது! எழுதி வச்சுக்குங்க. பேனா இல்லைன்னா நான் தர்றேன்!"

இப்படி முழங்கியவர் பண்ணையார். முழங்கிய இடம் அவருடைய மச்சான் வீட்டு வரவேற்பறை. கையில் காகிதத் தட்டும், தட்டில் பாதி கேக்குமாக நின்றுகொண்டிருந்த விருந்தினர்கள் யாரும் பேனா கேட்கவில்லை. இருந்தாலும் பண்ணையார் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, வாள் மாதிரி ஒரு தடவை சுழற்றிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வைத்தார்.

விருந்து, மச்சான் கேப்டன் ஆனதற்காக. மனைவியின் தம்பி, வயதில் சின்னவன், பயணிகள் விமானத்தில் வேலை. நேற்றுவரை "அத்தான், டை எப்படிக் கட்டணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் தோளில் இன்று நாலு கோடு. அத்தான் தோளில் அதே பழைய மூன்று. போதாததற்கு, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு மாமா கேக்கை மென்றுகொண்டே, "உங்களுக்கு எப்ப மாப்ளே? உங்ககூட வேலைக்குச் சேர்ந்த இன்னொருத்தருக்குத்தான் முதல்ல வரும்னு கேள்விப்பட்டேனே?" என்று விசாரித்துவிட்டார். அதற்குப் பதில்தான் மேலே கண்ட முழக்கம்.

பண்ணையார் என்றதும் தென்னந்தோப்பு, நெல் வயல் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குச் சொந்தமாக ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. நாலாவது மாடியில் வாடகை வீடு. சரக்கு விமானத்தில் கோ-பைலட் உத்தியோகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை விமானம் நிறையக் கோழிக்குஞ்சுகள் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கப் போன இவர், கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, "அன்பான பயணிகளே, உங்களை வருக வருகவென வரவேற்கிறோம். யாரும் எழுந்து நடமாட வேண்டாம்" என்று அறிவித்துவிட்டார். கீழே கூண்டுகளுக்கு வலை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். அன்று மாலைக்குள் ஊழியர் அத்தனை பேருக்கும் அவர் கோழிப் பண்ணையார், மறுநாள் முதல் வெறும் பண்ணையார். வேறொருவராக இருந்தால் கூனிக் குறுகியிருப்பார். இவரோ, "ஆமா, ஒரு குஞ்சுகூடக் குறை சொல்லல. உங்க பயணிங்க அப்படியா?" என்று மச்சானையே மடக்கினார்.

சபதத்தில் வரும் 'அவன்' யார் என்று சொல்ல வேண்டும். பண்ணையார் அவனுக்கு வைத்த பெயர் 'நேத்து'. காரணம், அவன் பண்ணையாருக்குச் சரியாக ஒரு நாள் முன்பு பிறந்தவன்.

விமானக் கம்பெனிகளில் அறிவு, அழகு, குலம், கோத்திரம் எதற்கும் மதிப்பில்லை, நம்பருக்குத்தான் மதிப்பு. யார் முதலில் சேர்ந்தாரோ அவருக்கு முன் நம்பர். விடுமுறை யாருக்கு, நல்ல பாதை யாருக்கு, கேப்டன் பதவி யாருக்கு, எல்லாவற்றுக்கும் நம்பர்தான் பதில் சொல்லும். ஒரே நாளில் இரண்டு பேர் சேர்ந்தால்? பிறந்த தேதி பார்ப்பார்கள். மூத்தவருக்கு முன் நம்பர். இருவரும் சேர்ந்தது ஒரே நாள், ஒரே வாசல், ஒரே லிஃப்ட். லிஃப்டிலிருந்து முதலில் வெளியே வந்தவர்கூடப் பண்ணையார்தான். ஆனாலும் நேத்துவுக்கு நாற்பத்தொன்று, இவருக்கு நாற்பத்திரண்டு.

அன்று முதல் நேத்து எதைக் கை நீட்டி எடுத்தானோ அதற்கு அடுத்தது இவருக்கு. பள்ளி விடுமுறையில் அவனுக்கு லீவு. பள்ளி திறந்ததும் இவருக்கு லீவு. அவனுக்குக் கடல் பார்த்த ஹோட்டல் அறை. இவருக்கு அதே ஹோட்டலில் ஜெனரேட்டர் பார்த்த அறை.

"அவனோட அம்மா ஒரு நாள் பொறுத்திருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? நான் பொறுமையா வரல?" என்று மனைவியிடம் கேட்பார்.

மனைவி பல் டாக்டர். பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிற அந்த அம்மையாருக்கு, வீட்டுக்கு வந்தால் ஒருவர் வாயை மூடச் சொல்கிற வேலை காத்திருந்தது.

நேத்துவும் லேசுப்பட்டவன் இல்லை. பண்ணையாரைக் கண்டால் "வாப்பா நாளைக்கு!" என்பான். ஒரு நாள் கழித்துப் பிறந்ததற்கும் சேர்த்து, எப்போது கேட்டாலும் நாளைக்குக் கேப்டன் ஆகிவிடுவேன் என்று சொல்வதற்கும் சேர்த்து.

சரக்கு விமானத்தில் கேப்டன் ஆவதென்றால் சாமானியம் இல்லை. விமானங்கள் கொஞ்சம், கேப்டன் உட்கார்கிற இடது சீட்டுகள் அதைவிடக் கொஞ்சம். உட்கார்ந்திருக்கிற கேப்டன் ஓய்வு பெற வேண்டும், அல்லது கோபித்துக்கொண்டு போக வேண்டும். அதனால் கோ-பைலட்டுகள் கேப்டன்களின் உடல்நலத்தில் காட்டுகிற அக்கறையைப் பார்த்தால் பெற்ற பிள்ளைகள் தோற்பார்கள். "சார், சுகர் எப்படி இருக்கு?" "கண் டெஸ்ட் முடிஞ்சுதா சார்?" "மகள்கூட வெளிநாட்டுல போய் இருக்கலாமே சார், எதுக்கு இந்த வயசுல அலைச்சல்?" பாசம் பொங்கி வழியும்.

மச்சான் ஒரு வழி சொன்னான். "அத்தான், எங்க கம்பெனிக்கு வந்துடுங்க. ஆள் எடுக்கிறாங்க."

"வந்தா என்ன நம்பர் குடுப்பாங்க?"

"அது... புதுசா சேர்றவங்களுக்குக் கடைசி நம்பர்தான்."

"அதாவது, மீசை முளைக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கிற பயலுக்குப் பின்னால போய் நிக்கணும். வேணாம்பா. எனக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. மட்டமான நம்பர்தான். ஆனா என் நம்பர்."

விமானிகள் வேலையை விடாததற்குச் சம்பளம், சங்கம், சட்டம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் இதுதான். வரிசையில் நின்றவனுக்குத்தான் தெரியும், இடத்தை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று.

கடைசியில் ஒரு கேப்டன் மகளோடு வெளிநாட்டில் போய் இருக்கச் சம்மதித்தார். இடது சீட்டு ஒன்று காலி. முதல் உரிமை நாற்பத்தொன்றுக்கு. சிமுலேட்டர் என்கிற பயிற்சி இயந்திரத்தில் தேர்வு வைப்பார்கள். தேறினால் நேத்துவுக்கு நாலாவது கோடு. தேறாவிட்டாலும், குறித்த வாரத்துக்குள் தேர்வு நடக்காவிட்டாலும், அவன் வாய்ப்பு போய்விடும், அடுத்து நாற்பத்திரண்டு.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் பண்ணையாருக்குத் தலைமை விமானியிடமிருந்து அழைப்பு வந்தது. எல்லோரும் சீஃப் என்று கூப்பிடுகிற மனிதர். மேஜை மேல் குட்டி விமானங்களை, எல்லா மூக்கும் எதிரே உட்கார்ந்திருப்பவரைக் குறி பார்ப்பது போல அடுக்கி வைத்திருப்பார்.

"வாங்க, உட்காருங்க. பிஸ்கட் எடுத்துக்குங்க."

பண்ணையார் தயக்கத்தோடு ஒன்றை எடுத்தார். சீஃப் கையால் பிஸ்கட் வாங்கியவர்கள் யாரும் நல்ல கதிக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை.

"நாற்பத்தொண்ணுக்குத் தேர்வு. அவருக்கு வலது பக்கம் உட்கார வேண்டிய பையனுக்குக் காது அடைச்சிருக்கு. மத்தவங்க எல்லாரும் வெளியூர்ல. மிச்சம் நீங்க ஒருத்தர்தான்."

"அவனுக்கு வலது பக்கமா? சார், நான் என்ன சொல்லியிருக்கேன்னு ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். அதனாலதான் கூப்பிட்டேன்." சீஃப் ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்தார். "உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"அவசரப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. வயிறு?"

"வயிறும் நல்லா இருக்கு."

"வயிறுங்கிறது எப்பவும் ஒரே மாதிரி இருக்காதுங்க. திடீர்னு புரட்டும். அன்னைக்குக் காலையில ஒரு போன் போட்டு முடியலைன்னா யாரு என்ன சொல்லப் போறாங்க? தேர்வு நடத்துறவர் வெளியூர்க்காரர், மறுநாள் கிளம்பிடுவாரு. சிமுலேட்டரும் மறுபடி கிடைக்காது. அவர் வாய்ப்பு போச்சு. அடுத்த மாசம் உங்களுக்குத் தேர்வு. நானே பக்கத்துல நிக்கிறேன்."

பண்ணையார் வாயில் போட்ட பிஸ்கட் அங்கேயே நின்றது.

"எதுக்கு சார் எனக்கு இவ்வளவு செய்றீங்க?"

"உங்களுக்குன்னு இல்லை, கம்பெனிக்காக. இந்த நம்பர், வரிசை எல்லாம் பழைய சமாச்சாரம். நாற்பத்தொண்ணைத் தாண்டி நாற்பத்திரண்டு வந்துட்டார், வானம் இடிஞ்சு விழலைன்னு காட்டிட்டா, அப்புறம் தகுதி பார்த்து நாமே யாரை வேணும்னாலும் எடுக்கலாம். வெளியில எத்தனை திறமையான பசங்க இருக்காங்க! என் அண்ணன் மகன்கூட..." என்று ஆரம்பித்தவர், குட்டி விமானம் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று மாலை மனைவி கிளினிக்கிலிருந்து திரும்பியபோது பண்ணையார் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். யாரோ கொடுத்த பரிசுப் பெட்டியிலிருந்து மஞ்சள் ரிப்பனை அவிழ்த்து, தோளில் மூன்று கோட்டுக்குக் கீழே வைத்து, தலையைச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் சிரிக்கவில்லை. இருபது வருடக் குடித்தனம் கற்றுக்கொடுத்த நாகரிகம். கைப்பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எப்ப நிஜக் கோடு?"

பண்ணையார் எல்லாவற்றையும் சொன்னார்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? அவரை முந்தணும்னுதானே இத்தனை வருஷமா என் உசிர வாங்குறீங்க?"

"முந்தணும்தான். ஆனா முந்துறது நானா இருக்கணும். சீஃப் என்னைக் குழந்தை மாதிரி தூக்கி அவனுக்கு அந்தப் பக்கம் எறக்கி விடுறதுக்குப் பேரு முந்துறதா?"

"நாலு கோடு நாலு கோடுதானே?"

"இன்னைக்கு என்னைத் தூக்கி அவனுக்கு முன்னால வைக்கிறவரு, நாளைக்கு அண்ணன் மகனைத் தூக்கி எனக்கு முன்னால வைப்பாரு. அப்ப நான் போய் எந்த வாயால கேக்கிறது? 'சார், வரிசைன்னு ஒண்ணு இருக்கே'ன்னா? 'அதை ஒடைச்சதே நீங்கதானே, பிஸ்கட் எடுத்துக்குங்க'ம்பாரு."

"அப்ப போய் உட்காருங்க."

"எப்படி உட்கார்றது? அத்தனை பேர் முன்னால சொன்னேனே! அவன் இடது சீட்டுல இருக்கிற பிளேன்ல என் ஷூகூட..."

"சிமுலேட்டருக்கு இறக்கை இருக்கா?"

பண்ணையார் தோளிலிருந்த ரிப்பன் நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. சட்ட நுணுக்கம் ஒன்று அவருக்குள் கதவைத் திறந்துகொண்டிருந்தது. சிமுலேட்டர் என்பது விமானம் அல்ல. அது ஒரு கட்டடத்துக்குள் நிற்கிற, கால் முளைத்த பெட்டி. ஆடும், குலுங்கும், நிஜம் மாதிரியே பயமுறுத்தும். ஆனால் ஓர் அங்குலம்கூடப் பறக்காது. பெட்டியில் ஏறுவதற்கும் சபதத்துக்கும் என்ன சம்பந்தம்?

மச்சான் போனில் தலையில் அடித்துக்கொண்டான். "அத்தான், தேடி வர்ற வாய்ப்பு! கோடு எப்படி வந்துச்சுன்னு யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்டா. தெனமும் ஷேவ் பண்றப்ப."

தேர்வு நாள் காலையில், யார் எப்போது பறப்பது என்று அட்டவணை போடுகிற ரோஸ்டர் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குரலில் பாவம், யாரோ எழுதிக்கொடுத்த கனிவு. "சார், வயிறு ஏதோ சரியில்லைன்னு... சீஃப் கேக்கச் சொன்னாங்க."

"கல்லைத் தின்னாலும் செரிக்கும்னு சொல்லும்மா. இதே வார்த்தையில சொல்லு, மாத்திடாதே."

சிமுலேட்டர் இருந்த கட்டடம் வெளியே பார்க்கக் குடோன் மாதிரி இருக்கும். உள்ளே, ஆறு இரும்புக் கால்களில் நின்ற வெள்ளைப் பெட்டிக்குப் போகக் குறுகலான ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் நேத்து உட்கார்ந்திருந்தான். மடியில் விரித்த புத்தகம் தலைகீழாக இருந்தது. பண்ணையாரைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"நீயா?"

"நான்தான்."

"கவுக்க வந்தியா?"

"அதுக்கு நான் வீட்டுல போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தா போதும்டா. புத்தகத்தை நேரா பிடி."

நேத்துவின் பயத்தில் நியாயம் இருந்தது. தேர்வு எழுதுவது இடது சீட்டுக்காரன் என்றாலும், அவனைத் தேற வைப்பதும் கவிழ்ப்பதும் வலது சீட்டுக்காரன் கையில்தான். சொல்ல வேண்டியதை ஒரு நொடி தாமதமாகச் சொன்னால் போதும். குற்றம் என்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் இடது பக்கம் இருப்பவன் கதை முடிந்துவிடும்.

உள்ளே போனபோது தேர்வாளருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் சீஃப். "சும்மா பார்க்க வந்தேன்" என்றார். பண்ணையாரின் வயிற்றை ஏக்கத்தோடு ஒரு பார்வை பார்த்தார்.

பெட்டி கர்ஜித்தது. ஓடுபாதை கண்ணாடிக்குள் வழுக்கிக்கொண்டு வந்தது. நேத்து மூக்கைத் தூக்கிய அதே கணத்தில் தேர்வாளர் ஒரு பொத்தானை அமுக்கினார். வலது எஞ்சின் செத்தது. பெட்டி ஒரு பக்கமாக இழுத்தது. நேத்து காலால் மிதித்து நேராக்கினான். நன்றாகவே செய்தான். ஆனால் பார்வை முழுவதும் திசை காட்டும் முள் ஒன்றிலேயே ஒட்டிக்கொண்டது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. சக்கரத்தை உள்ளே இழுக்கச் சொல்லவில்லை, மறந்துவிட்டான்.

ஒற்றை எஞ்சினில் சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு எந்த விமானமும் ரொம்ப உயரம் ஏறாது. விமானம் ஏற ஆரம்பித்ததைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டியவர் வலது சீட்டுக்காரர். குரல் வந்தால் இடது சீட்டுக்காரனுக்குச் சக்கரம் நினைவுக்கு வரும்.

பண்ணையாருக்குப் பின்னால் சீஃப் மூச்சைப் பிடித்துக்கொண்டது கேட்டது. இவ்வளவு வருடம் இவர் கேட்ட வரம், தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. எடுக்க வேண்டியதுகூட இல்லை; ஒரு பெருமூச்சு நேரம் சும்மா இருந்தால் தானாக மடியில் விழும். கடல் பார்த்த அறை. பள்ளி விடுமுறையில் லீவு. மச்சான் வீட்டு மாமா முன்னால் நாலு கோட்டோடு ஒரு நடை.

"பாசிட்டிவ் கிளைம்ப்!"

தேர்வாளர் கையிலிருந்த பேனா கோணலாக ஓடியது. அவ்வளவு சத்தம். கோழிக்குஞ்சுகளுக்கு அறிவித்த காலத்துக்குப் பிறகு பண்ணையார் அப்படிக் குரல் எழுப்பியதில்லை.

"கியர் அப்!" என்றான் நேத்து, தூக்கத்தில் இருந்து எழுந்தவன் போல. சக்கரம் உள்ளே போனது. பெட்டி ஏறியது. அதற்குப் பிறகு அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

தேறினான். சீஃப் கை குலுக்கிய விதம், வேப்பங்கொழுந்தை மென்றுகொண்டு வாழ்த்துச் சொல்வது போல இருந்தது. பிறகு பண்ணையாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நல்ல சந்தர்ப்பத்தை விட்டுட்டீங்க. இனிமே எப்ப காலியாகுமோ!"

"எப்ப ஆகுதோ அப்ப ஆகட்டும் சார். அன்னைக்கு அடுத்த ஆள் நாற்பத்திரண்டுதான். நீங்களே கையெழுத்துப் போட்டுத்தான் குடுக்கணும். பிஸ்கட் இல்லாமலே வாங்கிக்கிறேன்."

காபி இயந்திரத்தின் பக்கத்தில் நேத்து இரண்டு கோப்பையோடு காத்திருந்தான். ஒன்றை நீட்டினான்.

"நீ கத்தலைன்னா நான் கியரை மறந்தே போயிருப்பேன்டா."

"தெரியும்."

"சீட்டு உனக்கு வந்திருக்கும்."

"அதுவும் தெரியும். உனக்காகக் கத்தினேன்னு கனவு காணாத. உன்னைத் தாண்டி ஒருத்தன் போனா, அடுத்ததா தாண்டப்படுறவன் நான். கணக்கு அவ்வளவுதான்."

"சரி. அப்ப என் பிளேன்ல வருவியா?"

"மூச்சு இருக்கிற வரைக்கும் வர மாட்டேன். இது பொட்டி. பொட்டிக்குச் சபதம் செல்லாது." காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி. கேப்டனுக்கு இதுகூடவா தெரியாது?" என்று கோப்பையை அவன் கையிலேயே திணித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாத ரோஸ்டர் வந்தது. புதுக் கேப்டனின் முதல் பறப்பு. இடது சீட்டில் நாற்பத்தொன்று. வலது சீட்டில் நாற்பத்திரண்டு.

ரோஸ்டர் பெண் மெதுவாகப் போனில் சொன்னாள்: "சார், இதை நான் போடல. சீஃப் அவர் கையாலேயே போட்டது. காரணம் இல்லாம முடியாதுன்னு சொன்னா, வேலையை மறுத்ததா எழுதி, நம்பரைப் பின்னால தள்ளலாம்னு விதி இருக்குதாம். அதைப் படிச்சுக் காட்டச் சொன்னாரு."

"படிச்சாச்சா?"

"படிச்சுட்டேன் சார்."

"சரிம்மா. வச்சிடு."

செய்தி பரவிவிட்டது. அன்று மதியம் சரக்கு ஏற்றுபவர்கள், எரிபொருள் ஊற்றுபவர், டயர் பார்ப்பவர் என்று எல்லோருக்கும் அந்த ஒரு விமானத்தின் பக்கத்தில்தான் அவசர வேலை இருந்தது. கீழ்த்தளம் நிறைய டிராக்டர் டயர்; மேலே அட்டைப் பெட்டிகளில் பூ. சீஃப்கூடத் தன் ஜன்னலில் நின்றார்.

பண்ணையார் தன் வண்டியிலிருந்து இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை, யாருக்கும் பேனா நீட்டவில்லை. டயர் வாசனைக்கும் பூ வாசனைக்கும் நடுவே ஏணியில் ஏறினார். மேலே, இடது சீட்டில் நேத்து, தோளில் புதுக் கோடு மின்ன, கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்தபடி இருந்தான். திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பையை அதன் இடத்தில் வைத்தார் பண்ணையார். கைக்குட்டையால் தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தார். வலது சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்து, பெல்ட்டைப் பூட்டி, சரிபார்ப்பு அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாமா, கேப்டன்?" என்றார்.